சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று இருந்தால்

திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டீர்கள். சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் புற்றுநோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு மறந்துவிடவும் வேண்டாம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை 31,343 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை நடந்தது. பத்தில் ஒருவருக்கு பாசிட்டிவ் வந்தது. புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள் 1,874 பேர். அவர்களில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் 72 சதவீதம். மீதிப் பெண்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எந்தச் சோதனை என்று கேளுங்கள். ‘வி.ஐ.ஏ.’ என்றிருந்தால், வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்திருக்கிறார்கள். செல்கள் மாறியிருந்தால் அந்த இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஆனால் வெறும் கிருமித்தொற்றிலும் அப்படி வெளுப்பதுண்டு. அதனால்தான் அடுத்த சோதனை.

‘பாப் ஸ்மியர்’ என்றால் கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்து லேபுக்கு அனுப்பியிருப்பார்கள்; ரிப்போர்ட் லேப் மொழியில் இருக்கும். ‘இன்ஃப்ளமேட்டரி’ என்பது அழற்சி. ‘அஸ்கஸ்’ என்றால் சந்தேகம் மட்டுமே; ஹெச்.பி.வி. சோதனையோ, ஓராண்டில் மறுசோதனையோ சொல்வார்கள். ‘எல்சில்’ லேசான மாற்றம், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ‘ஹெச்சில்’ என்றிருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

ஹெச்.பி.வி. என்பது உடலுறவில் தொற்றும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் வைரஸ்; பாசிட்டிவ் என்றால் அது உடம்பில் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் தானே போய்விடும். பல வருடம் சத்தமில்லாமல் தங்கியிருக்கவும் செய்யும். எப்போது, யாரிடமிருந்து தொற்றியது என்று எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது. இந்தச் சீட்டை வைத்து வீட்டில் யார் மீதும் சந்தேகப்பட இடமில்லை.

அடுத்தது கால்போஸ்கோபி, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை. வடசென்னைப் பெண்களுக்கு ராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி பழகிய இடம். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. பழைய சீட்டையும் ஆதார் அட்டையையும் கொண்டு போங்கள். மாதவிலக்கு நாளாகப் பார்த்துப் போக வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பூதக்கண்ணாடி போன்ற கருவி வெளியேதான் இருக்கும். உள்ளே நுழைக்க மாட்டார்கள். தேவைப்பட்டால் துளி சதை கிள்ளி பயாப்சிக்கு அனுப்புவார்கள். ஓரிரு நாள் லேசாக ரத்தக்கசிவு இருக்கலாம். ‘ரிசல்ட்டை எந்தத் தேதியில், யாரிடம் வாங்க வேண்டும்?’ என்று கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். காசிமேட்டில் விடியலிலேயே ஏலத்துக்குப் போகும் பெண் ஒருநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வருகிறார். அவரை வீணாகத் திரும்பி வரவைக்கக் கூடாது.

பயாப்சியில் செல் மாற்றத்தின் அளவு ‘சி.ஐ.என். 1’ என்றால் பெரும்பாலும் கவனித்து வந்தால் போதும். 2, 3 என்றால் சிகிச்சை வேண்டும்: குளிரால் உறையவைப்பது, சூட்டால் கருக்குவது, அல்லது மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுப்பது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். பயாப்சியே பார்க்காமல் ‘கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். சிகிச்சைக்குப் பிறகு சில வாரம் நீர் போலக் கசியும். நான்கு வாரம் தாம்பத்தியம் வேண்டாம். டாக்டர் சொல்லும் தேதியில் மறுசோதனைக்குக் கட்டாயம் போங்கள்.

உடலுறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல் இவற்றில் எது இருந்தாலும், சீட்டில் ‘நார்மல்’ என்றே எழுதியிருந்தாலும், உடனே டாக்டரைப் பாருங்கள்.