பேரிங் உருகிய எஞ்சினைச் சோதிக்கும் முறை

பயிர் வாடும் அவசரத்தில், பேரிங் உருகிய டீசல் எஞ்சினுக்குப் புதிய பேரிங் பூட்டி உடனே ஓட்டிவிட எண்ணுகிறோம். காரணத்தைக் களையாவிடில் புதியதும் உருகும், செலவு இரட்டிக்கும். ஆதலின் செலவில் இறங்குமுன் நாம் சோதிக்க வேண்டுவன:

1. எண்ணெய் குறைந்ததா, அழுக்கேறியதா, ஆயில் பம்பு பழுதா, எண்ணெய் வழி அடைபட்டதா என்று தெளிதல்.

2. கிராங்க் தண்டில் பேரிங் அமரும் பகுதியை மைக்ரோமீட்டரால் பல திசைகளில் அளத்தல். அளவுகள் வேறுபடின் வட்டம் குலைந்துள்ளது. நீலம் பாரித்திருப்பின் கடுஞ்சூடு பட்டது. வெடிப்புச் சோதனை இன்றியமையாதது.

3. கனெக்டிங் ராடின் பெரிய கண் வட்டம் குலைந்துள்ளதா, ராடு வளைந்துள்ளதா என்று பார்த்தல்.

4. எண்ணெய்த் துளைகளில் தங்கிய உலோகத் துகள்களை அறவே கழுவிப் போக்குதல்.

தண்டை 0.25 மில்லிமீட்டர் குறைத்துக் கடைந்தால், அவ்வளவிற்குரிய பேரிங்கையே பூட்டுக. வெடித்த தண்டை மாற்றுவதே சிக்கனம். இவற்றை அறிந்த பின்னரே பட்டறைக்கு முன்பணம் தருவோமாக.