தரங்கம்பாடியில் மொராவிய சகோதரர்கள்



எழுப்புதல் கூட்டங்களில் ஹெர்ன்ஹட் என்ற ஊரின் பேரைக் கேட்டிருப்பீர்கள். நூறு வருஷம் இரவும் பகலும் ஓயாமல் ஜெபம் நடந்த ஊர். மயிலாப்பூரில் சங்கிலி ஜெபத்துக்குப் பேர் கொடுக்கச் சொல்லும்போது நானும் அதைத்தான் சொல்வேன். அந்த ஜனங்கள் நம்ம தமிழ்நாட்டிலேயே 43 வருஷம் குடியிருந்தது அநேகருக்குத் தெரியாது.

ஹெர்ன்ஹட், ஜெர்மனியின் சாக்சனியில் பொகேமிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லைக்கு அந்தப்புறம் கத்தோலிக்க அரசாட்சி. 1415-ல் எரிக்கப்பட்ட யான் ஹுஸின் வழிவந்தவர்கள் அங்கே ஒளிந்துதான் ஜெபிக்க முடியும். 1722-ல் கிறிஸ்தியான் தாவீது என்ற தச்சர் சில குடும்பங்களை ராத்திரியில் எல்லை தாண்டிக் கூட்டிவந்தார். சின்சென்டார்ஃப் பிரபு தம் நிலத்தில் இடம் கொடுத்தார். அஞ்சு வருஷத்துக்குள் சபையில் சண்டை! உபத்திரவத்தில் ஒன்றாயிருந்தவர்கள், வீடு வாசல் கிடைத்ததும் பிரிந்துபோனார்கள். 1727 ஆகஸ்ட் 13 திருவிருந்தில்தான் ஒப்புரவானார்கள். அதே மாதம் 24 சகோதரரும் 24 சகோதரிகளும் முறைவைத்து மணிக்கு மணி ஜெபிக்க ஆரம்பித்தார்கள்.

1760-ல் அவர்களில் ஒரு கூட்டம் டேனிஷ்காரர் ஆண்ட தரங்கம்பாடிக்கு வந்தது. ஊருக்கு வெளியே 'சகோதரர் தோட்டம்' அமைத்து, கைத்தொழில் செய்து பிழைத்தார்கள். சீகன்பால்கு 1706-ல் தொடங்கிய லுத்தரன் மிஷனரிகளுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களை ஒரேயடியாகக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரலை. 54 வருஷம் பாடுபட்ட வயலாச்சே! ஒரே தெருவில் ரெண்டு மூணு சபை நடத்துகிற அடையாறு, தி.நகர்க்காரர்களுக்கு இந்த வேதனை புரியும்.

மொராவியர்கள் போக நினைத்த இடம் நிக்கோபார் தீவுகள். 1768-ல் நான்கவுரியில் ஊழியம் தொடங்கியது. சாமான்கள் தரங்கம்பாடியிலிருந்து கப்பலில் போகணும். விஷக்காய்ச்சல் ஒவ்வொருவராகக் கொண்டுபோனது. 11 பேரை அங்கேயே அடக்கம் பண்ணினார்கள். தரங்கம்பாடிக்குத் திரும்பியபின் இன்னும் 13 பேர் மரித்தார்கள். சபை ஒன்றும் எழும்பவில்லை. 1787-ல் தீவை விட்டார்கள், 1803-ல் தோட்டத்தையும் விட்டார்கள்.

இந்த வருஷங்கள் முழுக்க ஹெர்ன்ஹட்டில் மணிக்கு மணி ஜெபம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஜெபச் சங்கிலியைச் சாட்சியாகச் சொல்லும் நாம் இந்தக் கல்லறைகளையும் சேர்த்துச் சொல்லணும். பாதியை மட்டும் சொன்னால், காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற தாய்க்கு அது என்ன சாட்சி?

1890-களில் வேதப்பன் சாலமோன் என்ற தமிழர், நிக்கோபாரின் இன்னொரு தீவான கார் நிக்கோபாரில் உபதேசியாராகப் பள்ளி நடத்தினார். அவரிடம் படித்த ஜான் ரிச்சர்ட்சன் புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி பாஷையில் மொழிபெயர்த்தார், 1950-ல் பிஷப்பானார்.