கால் இறகுக் கோழிகளும் தங்கவயல் மண்ணும்

சிற்றூர்க் குடும்பங்களின் வருவாயில் கொல்லைப்புறக் கோழிக்குரிய பங்கு சிறியது. ஆயினும் அவசரத் தேவைக்கு உடனே கைகொடுக்க வல்லது. கர்நாடக மாநிலத்துக் கோலார் தங்கவயலில் இப்பங்கின் அருமை நன்கு உணரப்படும். அங்கு 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தாரால் விரிவாக்கப்பட்ட சுரங்கத் தொழில், பின்னர் அரசுடைமையாகி, 2001 பிப்ரவரி 28ஆம் நாளன்று நிறுத்தப்பட்டது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்று குடியேறிய தொழிலாளர்களின் வழித்தோன்றல்களில் பலர் இன்று வேலைக்காக அதிகாலை இரயிலில் பெங்களூருக்குப் பயணம் செய்கின்றனர். வீட்டில் தங்கும் மகளிரும் முதியோரும் செய்யத்தக்க துணைத்தொழில்களுள் கோழி வளர்ப்பும் ஒன்று.

அண்மைக் காலத்தில் தென்னிந்திய நகரங்களில் அலங்காரக் கோழிகளின் வாணிகம் பரவியுள்ளது. பிரம்மா, கொச்சின், பட்டுக்கோழி ஆகிய இனங்களின் குஞ்சுகள் நாட்டுக்கோழிக் குஞ்சுகளைவிடப் பன்மடங்கு விலைக்கு விற்கப்படுகின்றன. கணைக்காலிலிருந்து விரல்வரை இறகு அடர்ந்திருப்பது இவற்றின் பொதுவான அழகு. இவற்றில் சேமிப்பை முதலீடு செய்ய எண்ணும் குடும்பமும், அதற்கு அறிவுரை கூறும் அலுவலரும் முதலில் ஆராய வேண்டியது கோழி நிற்கப்போகும் மண்ணையே. கால் இறகு எந்நேரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது. தரையில் உள்ளது அனைத்தையும் ஏற்பது.

பெயரும் பிறப்பும்

பிரம்மா என்னும் பெயர் பிரம்மபுத்திரா ஆற்றின் பெயரிலிருந்து வந்தது. 1840களில் சீனத்தின் ஷாங்காய்த் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற பெருங்கோழிகளோடு சிட்டகாங் பகுதிக் கோழிகளும் கலந்து இவ்வினம் உருவாயிற்று என்பர். கொச்சின் இனமும் சீனத்திலிருந்தே மேலைநாடுகளுக்குச் சென்றது. நமது கேரளக் கொச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பட்டுக்கோழிக்கு மயிர்போன்ற மென்மையான இறகும், கருந்தோலும், ஐந்து விரல்களும் உண்டு. நம் நாட்டிலேயே குமாவுன் மலைப்பகுதியைச் சேர்ந்த உத்தரா இனத்திற்கும் கால் இறகு உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

காலில் இறகு முளைப்பது ஏன்? சிறகையும் காலையும் வேறுபடுத்தி வளர்க்கும் மரபணுக்களின் செயற்பாட்டில் நேர்ந்த மாற்றமே காரணம். காலின் இயல்பை நிலைநாட்டும் மரபணு சற்று அடங்க, சிறகுக்குரிய மரபணு காலிலும் ஓரளவு செயற்படுகிறது. இவ்வுண்மை 2016இல் புறாக்களிலும், 2020இல் கோழிகளிலும் வெளியான ஆய்வுகளால் தெளிவாயிற்று. இப்பண்பு முழுமையாக ஓங்கிநிற்பதன்று. ஆகவே கால் இறகுச் சேவலை வழுவழுப்பான காலுடைய நாட்டுப் பெட்டையோடு இணைத்தால், பிறக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை அரைகுறை இறகுடன் காணப்படும். அவை அலங்காரச் சந்தையில் விலை போவதில்லை. நாட்டினத்தின் தூய்மையும் கெடும்.

மண்ணே முதல் வினா

தங்கவயலின் தனிச்சிக்கல் அதன் கழிவு மேடுகள். தங்கம் பிரிப்பதற்காகக் கல்லை மாவாக அரைத்துச் சயனைடு கரைசலில் இட்டபின் எஞ்சிய பொடி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குவிந்து குன்றுகளாக நிற்கிறது. இவற்றை மக்கள் சயனைடு மேடுகள் என்பர். இவற்றின் மொத்த எடை மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்டதென மதிப்பிடப்பட்டுள்ளது. கோடைக் காற்றில் இந்நுண்பொடி குடியிருப்புகளின்மீது படிகிறது.

பார்வைக்கு இப்பொடி சலித்த மணலைப் போன்றது, செலவின்றிக் கிடைப்பது. ஆகவே கோழிக்கூட்டில் பரப்பவும், மண்குளியலுக்கு இடவும் மனம் நாடக்கூடும். அவ்வாறு செய்தலாகாது. மாவுபோன்ற சிலிக்காத் துகள் கோழியின் மூச்சுறுப்புக்கும், கூட்டைப் பெருக்குவோரின் நுரையீரலுக்கும் தீங்கானது. மேலும், மேயும் கோழி இரையோடு மண்ணையும் விழுங்குகிறது. தன் காலிறகைக் கோதும்போது அதில் ஒட்டியதையும் உட்கொள்கிறது. மண்ணிலுள்ள ஈயம் போன்ற உலோகங்கள் முட்டையில் சேர்வது பல நாடுகளின் ஆய்வுகளில் கண்ட உண்மை. அம்முட்டையை உண்பவர்கள் வீட்டுக் குழந்தைகள் என்பதை மறத்தல் கூடாது. மேடுகளுக்கு அருகில் வாழ்வோர் கோழிகளை மேயவிடாமல் கூரையிட்ட அடைப்பில் வளர்ப்பதும், தொலைவிலுள்ள வயல்களின் செம்மண்ணையோ ஆற்று மணலையோ பயன்படுத்துவதும், இயன்றால் மண்ணைச் சோதித்தறிவதும் தக்க வழிகளாம்.

கூடும் கூளமும்

ஈரமே கால் இறகின் பகை. ஈரச் சாணம் இறகில் ஒட்டி உருண்டையாகக் காய்ந்தால் விரல்கள் இறுகும். பாதத்தில் புண்ணும் கட்டியும் தோன்றும். ஆகையால் ஆழ்கூள முறை ஏற்றது. தரையைச் சுற்றுப்புறத்தைவிட ஓரடி உயர்த்தி, நெல் உமி, கடலைத் தோல், மரத்தூள் இவற்றுள் கிடைப்பதை நான்கு அங்குல அளவேனும் பரப்புக. கோழி ஒன்றுக்கு நான்கு சதுர அடிக்குக் குறையாத இடம் வேண்டும். வாரம் இருமுறை கூளத்தைக் கிளறிவிடுக. ஒரு பிடி கூளத்தை இறுக்கித் திறந்தால் அது உதிர வேண்டும். கட்டியாக நின்றால் ஈரம் மிகுதி என அறிக. தண்ணீர்க் கலத்தைக் கோழியின் முதுகு உயரத்தில், கம்பி வலையிட்ட மேடைமீது வைத்தால் சிந்தும் நீர் கூளத்தில் சேராது. இவை கனத்த கோழிகள். வளர்ந்த பிரம்மாச் சேவல் ஐந்து கிலோ வரை எடையுடையது. எனவே உட்காரும் கட்டை ஒன்றரை அடிக்கு மேற்படலாகாது. உயரத்திலிருந்து குதித்தால் பாதம் நசுங்கும்.

கோலார் மாவட்டத்தில் மழை செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மிகுதி. அம்மாதங்களில் கோழிகளைச் சேற்றில் விடலாகாது. ஏப்ரல், மே மாதங்களில் இவ்வினங்களுக்கு வெப்பமே இடர். குளிர்நாடுகளில் தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்ட இவற்றிற்கு நிழலும், காற்றோட்டமும், குளிர்ந்த நீரும் இன்றியமையாதவை.

பாதப் பராமரிப்பு

வாரம் ஒருமுறை ஒவ்வொரு கோழியையும் பிடித்துப் பாதத்தைப் பார்த்தல் வேண்டும். அழுக்கிருப்பின் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே கூட்டில் விடுக. வளரும் இறகின் தண்டில் குருதி ஓடும். அது ஒடிந்தால் இரத்தம் வழியும். அதைக் கண்ட பிற கோழிகள் கொத்தத் தொடங்கும். காயமுற்றதைத் தனியே வைத்து, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் இரத்தம் நிற்கும்.

கணைக்காற் செதில்கள் தூக்கி, வெண்மையான பொருக்குத் தோன்றினால் அது செதிற்காற் சொறி. செதிலுக்கடியில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணியே இதற்குக் காரணம். இறகு மறைப்பதால் நோய் முற்றும்வரை வெளியில் தெரியாது. சோப்பு நீரில் ஊறவைத்துப் பொருக்கை மென்மையாக நீக்கி, வாசலினைத் தடவி வரலாம். கூட்டின் கட்டைகளையும் தூய்மை செய்தல் வேண்டும். மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் எண்ணெயும் தோலைப் புண்ணாக்குவன, அவற்றைத் தவிர்க்க. நோய் தொடர்ந்தால் கால்நடை மருத்துவரை நாடுக. வெள்ளைக்கழிச்சலுக்கும் அம்மைக்கும் தடுப்பூசி, விலை உயர்ந்த கோழி என்பதால் மேலும் கட்டாயமாகிறது.

அடைகாக்கும் பெட்டையின் காலிறகில் சிக்கி முட்டைகள் உருண்டு குளிர்ந்துபோவதுண்டு. அக்காலத்தில் விரல் இறகுகளின் நுனியைக் கத்தரித்தல் நலம். குருதி ஓடும் இளந்தண்டை வெட்டலாகாது.

கணக்கும் கருத்தும்

ஒரு சேவலும் நான்கு பெட்டைகளும் கொண்ட சிறு கூட்டத்தைக் கருதுவோம். கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 140 கிராம் தீவனம் உண்டால், மாதத்திற்கு 21 கிலோ தேவைப்படும். அடைப்பில் வளர்ப்பதால் மேய்ச்சல் அச்செலவைக் குறைக்காது. பெட்டை முட்டையிடத் தொடங்க ஏழு மாதங்களாகலாம். அதுவரை வரவில்லை, செலவு மட்டுமே. பின்னரும் வருவாய் குஞ்சு விற்பனையைச் சார்ந்தது. அச்சந்தையோ விருப்பத்தின் சந்தை. இன்று விலை போவது நாளை போகும் என்பதற்கு உறுதியில்லை.

இதற்கு மாறாக, கோலார் மாவட்டத்திற்கும் அதையடுத்த ஆந்திரப் பகுதிக்கும் உரிய காகஸ் என்னும் நாட்டினம் உண்டு. வழுவழுப்பான காலும் உறுதியான உடலும் கொண்ட அது, இவ்வட்டாரத்தின் வறட்சிக்கும் வெப்பத்திற்கும் பழகியது. பெங்களூரில் உருவாக்கப்பட்ட கிரிராஜாவும் கொல்லைப்புற வளர்ப்புக்கென்றே அமைந்தது. முட்டைக்கும் இறைச்சிக்கும் இவையே அடித்தளமாதல் வேண்டும். அவ்வருவாய் நிலைத்தபின், தனிக்கூட்டில், நாட்டினத்தோடு கலவாமல், ஓரிரு இணை கால் இறகுக் கோழிகளை வளர்த்தல் தவறன்று. அது கண்ணுக்கு இன்பமும் கைக்குச் சிறு வரவும் தரும்.

பரிந்துரைக்க வரும் அலுவலர் மூன்று வினாக்களை எழுப்புவாராக: கோழி நிற்கும் மண் எங்கிருந்து வந்தது? மழைக்காலத்தில் கூளம் உலர்ந்திருக்குமா? முதல் ஏழு மாதத் தீவனத்திற்குக் குடும்பத்திடம் பணம் உள்ளதா? மூன்றிற்கும் நல்விடை கிடைத்தபின் குஞ்சு வாங்கினால் போதும். ஒரு தொழில் மறைந்த ஊரில், எஞ்சிய சேமிப்பைக் காத்தலும் வளர்ச்சிப் பணியே ஆகும்.