மேலேயா, கீழேயா?

மாணவர்களே! சமையல் வாயு கசிந்தால் ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவிகள் உண்டு. அத்தகைய கருவியைச் சுவரில் எந்த உயரத்தில் பொருத்த வேண்டும்?

காற்றின் சராசரி மூலக்கூறு எடை ஏறக்குறைய 29. சிலிண்டரில் வரும் வாயுவில் பெரும்பாலும் இருப்பவை புரொப்பேன் (44), பியூட்டேன் (58). இவை காற்றைவிடக் கனமானவை. எனவே கசிந்ததும் தரையில் பரவி, மூலைகளிலும் பள்ளங்களிலும் தேங்கும். இதற்கான கருவி தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். குழாய் வழியே வரும் இயற்கை வாயுவில் பெரும்பகுதி மீத்தேன் (16). அது மேலெழுந்து கூரையடியில் சேரும். ஆகவே அதற்கான கருவியின் இடம் கூரையருகே.

இடம் மாறினால் என்ன ஆகும்? புரொப்பேன் காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கலந்தாலே தீப்பற்றக் கூடியது. தரையருகே அந்த அளவு சேர்ந்த பிறகும் கூரையிலுள்ள கருவி வாய் திறக்காமல் இருக்கலாம். கருவியில் பழுதில்லை, வாயு அதை எட்டவில்லை! ஜன்னல், மின்விசிறி அருகிலும் பொருத்தக் கூடாது. வீசும் காற்று வாயுவை விலக்கிவிடும்.

கருவி ஒலித்தால் மின் சுவிட்சுகளைத் தொடாதீர்கள். ஒரு பொறி போதும். சிலிண்டர் வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

குடிநீரைச் சுத்திகரிக்கப் பயன்படும் குளோரினின் மூலக்கூறு எடை 71. குளோரின் உருளைகள் உள்ள அறையில் கருவியை எங்கே பொருத்துவீர்கள்?