ஐம்பத்திரண்டாம் பெயர்

நுழையும்முன்
பிறந்த ஊரை விட்டுப் பிழைப்புக்காக வேற்றூர் சென்றோர் நம் வீடுகளிலும் உள்ளனர். விளையாட்டையே பிழைப்பாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்ற ஒருவரைப் பற்றியது இப்பாடம்.

மாட்டுங்காவின் இந்தியன் ஜிம்கானாவில் கூடைப்பந்து ஆடுவோரை நம்முள் பலர் கண்டிருப்போம். நாக்பாடாவில் உள்ள மஸ்தான் ஒய்.எம்.சி.ஏ. திடலும் இவ்விளையாட்டுக்குப் பெயர்பெற்றது. இத்திடல்களில் நன்கு ஆடும் இளைஞர் ஒருவரிடம், "இதைக் கொண்டு வாழ முடியுமா?" என்று வீட்டார் ஒருநாள் கேட்கத்தான் செய்வர். அது நேர்மையான வினா.

நம் நாட்டில் அதற்கு நெடுங்காலமாக ஒரு விடை உண்டு. நன்றாக ஆடுவோரை இரயில்வேயும் வங்கிகளும் பணியில் அமர்த்திக்கொள்ளும். அவர்கள் அந்நிறுவனத்தின் அணிக்காக ஆடுவர். பத்தொன்பது வயதிலேயே இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய தமிழ்நாட்டின் அனிதா பால்துரை, தெற்கு இரயில்வேயில் பணியாற்றியவர். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆட்டத்தை விட்டு விலகிய பின்னரும் மாதச் சம்பளம் நிற்காது என்பதே இவ்வழியின் சிறப்பு.

மற்றொரு வழி ஒப்பந்த வழி. அதில் சென்றவர் சத்னாம் சிங் பமாரா.

பஞ்சாபில் பல்லோ கே என்னும் சிற்றூரில் 1995-இல் பிறந்தவர் சத்னாம். தந்தை உழவர். வயதுக்கு மீறி வளர்ந்த மகனை அவர் லூதியானாவிலிருந்த கூடைப்பந்துப் பயிற்சிக்கூடத்தில் சேர்த்தார். அங்குச் சங்கரன் சுப்பிரமணியன் என்னும் பயிற்றுநர் பல இளைஞரை உருவாக்கிக் கொண்டிருந்தார். 2010-இல், பதினான்கு வயதில், சத்னாமுக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் தங்கிப் படித்துப் பயில உதவித்தொகை கிடைத்தது.

விமானம் ஏறியபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பயிற்றுநர் சொல்வது விளங்காது. வகுப்பில் ஆசிரியர் சொல்வதும் விளங்காது. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்திறங்கிய நம் முன்னோர் பலருக்கு இந்தியும் மராத்தியும் அப்படித்தான் ஒலித்திருக்கும். ஆனால் அவர்களுக்கு அடுத்த தெருவில் ஒரு தமிழ்க் குரலேனும் இருந்தது.

ஐந்தாண்டுகள் கழிந்தன. என்.பி.ஏ. என்பது உலகின் முதன்மையான கூடைப்பந்துத் தொடர். அதன் முப்பது அணிகளும் ஆண்டுதோறும் ஒரே மேடையில் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். இரு சுற்றுகளில் மொத்தம் 60 பெயர்கள் அழைக்கப்படும். 2015 ஜூன் 25 அன்று ஐம்பத்திரண்டாவதாக அழைக்கப்பட்ட பெயர் சத்னாம் சிங். அழைத்த அணி டாலஸ் மாவரிக்ஸ். இந்தியாவில் பிறந்த ஒருவர் இவ்வாறு தேர்வானது அதுவே முதன்முறை. அவரை உருவாக்கிய சுப்பிரமணியன் அதைக் காணவில்லை, 2013-இலேயே மறைந்துவிட்டார்.

நம் நாட்டுச் செய்தித்தாள்கள் மகிழ்ந்து எழுதின. ஆனால் 52 என்னும் எண்ணின் பொருளைச் சிலரே விளக்கினர். முதற்சுற்றில் தேர்வாகும் முப்பதின்மருக்கு ஊதியம் உறுதி. இரண்டாம் சுற்றில் தேர்வாவோருக்கு அவ்வுறுதி இல்லை. அவர்களைத் தன் அணிக்கு அழைக்கும் உரிமை தேர்ந்தெடுத்த அணிக்குக் கிடைக்கும்; அழைத்தே தீரவேண்டும் என்னும் கடமை அதற்கு இல்லை.

எனவே சத்னாம் அந்த அணியின் கிளை அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸில் சேர்ந்தார். அது 'டி-லீக்' என்னும் கீழ்நிலைத் தொடரில் ஆடிய அணி. அதன் அரங்கு டாலஸை அடுத்த ஃபிரிஸ்கோ நகரில் இருந்தது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 45 கிலோமீட்டர். தாதரிலிருந்து கல்யாண் செல்லும் தொலைவுதான். அந்தத் தொலைவை ஓர் ஆட்டக்காரராகக் கடக்க அவரால் இயலவில்லை.

அன்றைய டி-லீகில் ஓர் ஆட்டக்காரரின் ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 13,000 முதல் 25,000 டாலர் வரை. என்.பி.ஏ.வில் புதியவருக்கான மிகக் குறைந்த ஊதியமோ 5,25,000 டாலர். ஆட்டம் ஒன்றே, பந்து ஒன்றே, கூடையின் உயரமும் ஒன்றே! இந்த இடைவெளி இருந்தும் இளைஞர் பலர் அங்கே ஆடியதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. என்.பி.ஏ. அணி ஒன்றில் யாரேனும் காயமுற்றால், கீழ்நிலைத் தொடரிலிருந்து ஒருவரைப் பத்து நாள் ஒப்பந்தத்தில் அழைப்பர். அதே அணி மீண்டும் ஒரு பத்து நாள் அழைக்கலாம். அதற்குமேல் வேண்டுமெனில் அவ்வாண்டு முழுமைக்கும் ஏற்க வேண்டும். இல்லையேல் அனுப்பிவிட வேண்டும். சிலருக்கு வாழ்வே அந்த இருபது நாளில் மாறியதுண்டு. சத்னாமுக்கு அவ்வழைப்பு வரவில்லை. ஈராண்டுகளின் பெரும்பகுதி மாற்று ஆட்டக்காரர் இருக்கையிலேயே கழிந்தது.

பழந்தமிழ்ப் பாணர் புரவலரைத் தேடி ஊர் ஊராகச் சென்றனர். பரிசில் பெற்று வந்தவர், எதிர்ப்பட்ட வறியவருக்கு வழி கூறுவதே ஆற்றுப்படை. ஒப்பந்த ஆட்டக்காரரின் வாழ்வும் ஏறக்குறைய அத்தகையதே. ஒன்று மட்டும் வேறு: இங்கே எதிர்ப்படுபவர் அதே இடத்துக்குப் போட்டியிடுபவர்!

2018-இல் சத்னாம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலிருந்த செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணியில் சேர்ந்தார். 2019-இல் நடந்த ஊக்கமருந்துச் சோதனையில் தடைசெய்யப்பட்ட பொருள் கண்டறியப்பட்டதால், ஈராண்டுத் தடைக்கு உள்ளானார். வாழ்க்கை வரலாறுகளில் இத்தகைய பகுதியை விட்டுவிடுவோர் உண்டு. நாம் விடவேண்டியதில்லை, ஒப்பந்தத்தால் வாழ்பவருக்கு ஈராண்டு என்பது எவ்வளவு பெரிது என்பதை எண்ணிப் பார்த்தால் போதும். 2021-இல் அவர் அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்த நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தமானார்.

அவர் சென்ற தடத்தில் வேறு சிலரும் சென்றனர். ஜப்பானில் ஆடிய அம்ஜியோத் சிங், 2017-இல் ஓக்லஹோமா சிட்டி புளூ அணியில் இடம்பெற்றார். அவ்வாண்டில் அத்தொடரின் பெயர் 'ஜி-லீக்' என மாறியிருந்தது. குர்தாஸ்பூர் பகுதியைச் சேர்ந்த பிரின்ஸ்பால் சிங் 2020-இல் அத்தொடரின் மற்றோர் அணிக்குத் தேர்வானார். அவர்களுக்கும் மொழி புதிது, உணவு புதிது, குளிர் புதிது. ஆனால் இவ்வழியில் முன்னரே ஒருவர் சென்றுள்ளார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சொல்லும் பொருளும்
புரவலர் – கலைஞரைப் பேணும் வள்ளல்
பரிசில் – கலைக்கு அளிக்கப்படும் கொடை
தடம் – சென்ற வழி, சுவடு

பயிற்சி
1. முதற்சுற்றில் தேர்வாவோர்க்கும் இரண்டாம் சுற்றில் தேர்வாவோர்க்கும் உள்ள வேறுபாடு யாது?
2. இரயில்வே பணி, ஒப்பந்த ஆட்டம் – இவ்விரண்டில் உங்கள் வீட்டார் எதனை விரும்புவர்? நீங்கள் எதனை விரும்புவீர்கள்? காரணத்துடன் எழுதுக.
3. 'முப்பதின்மர்' – இதுபோல் எண்ணுப்பெயர் அடியாகப் பிறந்த சொற்கள் மூன்று எழுதுக.
4. மும்பைக்கு வந்த முதல் ஆண்டில் கடைக்காரரிடம் எம்மொழியில், எவ்வாறு பேசினீர்கள் என உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேட்டறிந்து, அவர் கூறியதைப் பத்து வரிகளில் எழுதுக.