சம்மரா, விண்டரா? கலர் பேலட் பார்த்து டிரஸ் வாங்கினா காசு மிச்சமாகுமா?



சம்பளம் வாங்குறவங்களோட செலவுக் கணக்கைப் பிரிச்சுப் பார்த்தா வாடகை, பெட்ரோல், சாப்பாடு எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். டிரஸ்னு ஒரு வரி வரும்போது மட்டும் "ஆஃபர்ல இருந்துச்சு சார்"னு பதில் வரும். அப்படி ஆஃபர்ல வாங்கினதுல பாதி, மடிப்புக் கலையாம அலமாரியில தூங்கும். ஏன் போடலைன்னு கேட்டா, "என்னமோ எனக்கு எடுக்கலை சார்". இந்த 'எடுக்கலை'ங்கிற வார்த்தைக்குப் பின்னாடி இருக்குற பணத்தைப் பத்திதான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

நீங்க ஸ்பிரிங்கா, சம்மரா, ஆட்டமா, விண்டரா? இந்தக் கேள்வியோட ஒரு ரீல்ஸாவது உங்க கண்ணுல பட்டிருக்கும். தென் கொரியாவுல இதுக்குன்னே ஸ்டுடியோக்கள் இருக்கு. நம்ம ஊர்லயும் கட்டணம் வாங்கிட்டு உங்க 'சீசனை' சொல்றவங்க வந்துட்டாங்க. ஆடிட்டரா எனக்கு இதுல ஒரே கேள்விதான்: இது செலவைக் குறைக்குமா, கூட்டுமா? ரெண்டும் பண்ணும். கடையில ஒரு துணியை வேண்டாம்னு சொல்றதுக்கு இதைப் பயன்படுத்தினா குறைக்கும். "என் சீசன் கலர்ல எங்கிட்ட ஒண்ணுமே இல்லையே"ன்னு கிளம்பினா கூட்டும்.

இந்த சீசன் கதை எங்கிருந்து வந்துச்சு?

அடிப்படை பழசு. பாரிஸ்ல கோபெலின் நெசவாலையோட சாயப் பிரிவைப் பார்த்துக்கிட்டு இருந்தவர் மிஷேல் செவ்ரோல்ங்கிற வேதியியல் அறிஞர். கறுப்புச் சாயம் மங்கலாத் தெரியுதுன்னு அவருக்குப் புகார் வந்துச்சு. ஆராய்ஞ்சு பார்த்தா சாயத்துல தப்பே இல்லை. பக்கத்துல இருக்குற நிறம்தான் கறுப்பை மங்கலாக் காட்டுது. 1839ல இதைப் பெரிய புத்தகமாவே எழுதிட்டார். ஒரு நிறம் எப்படித் தெரியும்ங்கிறதை அதோட பக்கத்து நிறமும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது. உங்க முகத்துக்குப் பக்கத்து நிறம் எது? சட்டைக் காலர், துப்பட்டா, புடவைத் தலைப்பு. அதோட, துணியில பட்டுத் திரும்புற வெளிச்சம் தாடைக்குக் கீழேயும் கன்னத்துலயும் விழும். எடுக்குது, எடுக்கலைங்கிறதுக்கு இந்த ரெண்டுதான் பெரும்பாலும் காரணம்.

அப்புறம் ஜெர்மனியில பௌஹௌஸ் பள்ளியில பாடம் எடுத்த யோஹன்னஸ் இட்டன், மாணவர்கள் தாங்களா தேர்ந்தெடுக்குற நிறங்களுக்கும் அவங்களோட தோற்றத்துக்கும் ஒரு தொடர்பு இருக்குறதா எழுதினார். இதை சாதாரண ஜனங்ககிட்ட கொண்டு போனது 1980ல அமெரிக்காவுல கரோல் ஜாக்சன் எழுதின 'கலர் மீ பியூட்டிஃபுல்'. மனுஷங்களை நாலு சீசனாப் பிரிக்கிற பழக்கம் பரவலானதும், பெண்கள் நிறத் துண்டுகளைப் பையில வச்சுக்கிட்டுக் கடைக்குப் போனதும் அந்தப் புத்தகத்தோட தாக்கம்தான். பின்னாடி வந்தவங்க நாலைப் பன்னிரண்டாப் பிரிச்சாங்க.

சீசன்னா நம்ம கத்திரி வெயில், ஐப்பசி மழை இல்லை. வெறும் பேர்தான். பார்க்குறது மூணு விஷயம். நிறம் சூடா குளிர்ச்சியா, அதாவது மஞ்சள் பக்கம் சாயுதா நீலம் பக்கம் சாயுதா. அடர்த்தியா வெளிர்வா. பளிச்சுன்னு இருக்கா, மங்கலா இருக்கா.

நம்ம ஜவுளிக்கடை பாஷையில சொன்னா டக்குனு புரியும். கிளிப்பச்சை, கனகாம்பரக் கலர் எல்லாம் ஸ்பிரிங். வெங்காயத்தோல் கலர், சாம்பல் நீலம், லாவெண்டர் எல்லாம் சம்மர். மஸ்டர்ட், செங்கல் நிறம், ஆலிவ் பச்சை, காபிப் பொடி கலர் ஆட்டம். ராணி பிங்க், எம்.எஸ். ப்ளூ, பாட்டில் க்ரீன், சலவை வெள்ளை, கறுப்பு விண்டர். பழைய ஜவுளிக்கடை சேல்ஸ்மேன் ஒருத்தருக்கு இந்த நாலு பேரும் தெரியாது. ஆனா உங்க முகத்தைப் பார்த்துட்டு எந்த அடுக்குல கை வைக்கணும்னு அவருக்குத் தெரியும்.

'மாநிறத்துக்கு இது எடுக்காது'

இங்கதான் கொஞ்சம் நிறுத்திப் பேசணும். ஜாக்சன் புத்தகம் கறுப்பின மக்களையும் ஆசியர்களையும் பெரும்பாலும் 'விண்டர்'ங்கிற ஒரே டப்பாவுல போட்டுடுச்சு. வெள்ளைக்காரங்களுக்கு நாலு, மீதி உலகத்துக்குக் கிட்டத்தட்ட ஒண்ணு. நம்ம வீட்டுலயே பாருங்க, அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே மாதிரி மாநிறமா இருப்பாங்க. ஒருத்தருக்கு மஸ்டர்ட் போட்டா முகம் ஜொலிக்கும், இன்னொருத்தருக்கு ஜுரத்துல இருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கும். அப்புறம் எப்படி ரெண்டு பேரும் ஒரே சீசன்?

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல் இருக்கு. "நீ கறுப்பு, டார்க் கலர் போடாத"ன்னு சின்ன வயசுலயே சொல்லி வச்சிடுறாங்க. அந்த அறிவுரையோட நோக்கம் உங்களுக்கு எது பொருந்தும்ங்கிறது இல்லை, எதுல நீங்க சிவப்பாத் தெரிவீங்கங்கிறதுதான். அதை நம்பிப் பத்து வருஷமா வெளிர் பிங்க்கும் கிரீமுமா வாங்கி அடுக்கினவங்க நிறைய பேர். அந்த வெளிர் கலர்லதான் பல பேருக்கு முகம் சோர்வாத் தெரியும். நல்ல அடர்த்தியான அரக்கோ மயில் கழுத்து நிறமோ போட்டா அதே முகம் தெளிவாத் தெரியும். அதனால கண்ணாடி முன்னாடி நிக்கும்போது "சிவப்பாத் தெரியுறேனா?"ன்னு கேட்காதீங்க. "முதல்ல முகம் தெரியுதா, துணி தெரியுதா?"ன்னு கேளுங்க. முகம் முதல்ல தெரிஞ்சா அது உங்க கலர்.

வீட்டுல டெஸ்ட் பண்றது எப்படி?

லீவு நாள் காலையில ஒரு ஒன்பது, பத்து மணிக்கு ஜன்னல் பக்கம் கண்ணாடியை வைங்க. நேர் வெயில் வேண்டாம், லைட்டை எல்லாம் ஆஃப் பண்ணிடுங்க. முகம் கழுவிட்டு பவுடர், க்ரீம் எதுவும் போடாம கால் மணி நேரம் கழிச்சு உட்காருங்க. துணிக்கு எங்கேயும் போக வேண்டாம், அம்மாவோட புடவை பீரோவே போதும். அதைவிடப் பெரிய கலர் சார்ட் எந்த ஸ்டுடியோவுலயும் கிடைக்காது.

முதல்ல சலவை வெள்ளை, அடுத்து கோரா நிறம் அல்லது கிரீம். ரெண்டையும் மாத்தி மாத்திக் கழுத்தை ஒட்டி வைங்க. சலவை வெள்ளை நல்லா இருந்தா பெரும்பாலும் குளிர்ச்சிப் பக்கம், கோரா நல்லா இருந்தா சூடான பக்கம். அடுத்து ஆரஞ்சும் ராணி பிங்க்கும். அப்புறம் தங்க ஜரிகையும் வெள்ளி ஜரிகையும். இந்த ஜரிகை டெஸ்ட்டை முழுசா நம்பாதீங்க. பிறந்ததுல இருந்து தங்கத்தைப் பார்த்தே பழகின கண்ணு நமக்கு, வெள்ளிக்கு நியாயம் கிடைக்காது. மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமான்னு பார்க்கச் சொல்ற டெஸ்ட்டும் மாநிறத் தோலுக்குச் சரியா வராது, விட்டுடுங்க.

பார்க்க வேண்டியது துணியை இல்லை, முகத்தை. கண்ணுக்குக் கீழே கருவளையம் கூடுதா குறையுதா? வாயோரம் நிழல் தெரியுதா? பக்கத்துல ஒரு நண்பரை உட்கார வச்சுக் கேளுங்க. அம்மாகிட்ட கேட்காதீங்க, அவங்களுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். போன் கேமராவையும் நம்பாதீங்க. பெரிய மஞ்சள் துணியைக் காட்டினா கேமரா தானாவே நிறத்தைச் சரிபண்ணும், அதுல உங்க முகமும் மாறிடும். செல்ஃபியை வாங்கிக்கிட்டு சீசன் சொல்ற ஆப்களுக்கும் இதே பிரச்னைதான்.

கடைசியில "நான் டீப் ஆட்டம்"னு துல்லியமா ஒரு பேர் கிடைக்கலையா? பரவாயில்லை. ரெண்டு நிபுணர்கள்கிட்ட போனா ரெண்டு சீசன் சொல்றதும் நடக்கும், இது ரத்தப் பரிசோதனை இல்லை. உங்களுக்கு நல்லா எடுக்குற ஆறு கலர், கண்டிப்பா எடுக்காத நாலு கலர், இவ்வளவு தெரிஞ்சா போதும்.

இப்ப நம்ம சப்ஜெக்ட்டுக்கு வருவோம்

கடைக்காரர் கணக்குல 'டெட் ஸ்டாக்'னு ஒண்ணு உண்டு. வாங்கிப் போட்ட பணம் திரும்ப வராம ரேக்ல உட்கார்ந்திருக்கிற சரக்கு. உங்க அலமாரியிலயும் அது இருக்கு. கழுத்தை ஒட்டி வர்ற துணிகளை மட்டும் வெளிய எடுங்க: சட்டை, குர்த்தி, டி-ஷர்ட், துப்பட்டா. கடைசி ரெண்டு மாசத்துல போட்டது ஒரு பக்கம், போடாதது ஒரு பக்கம். போடாத குவியல்ல அளவு சரியில்லாதது, கிழிஞ்சதை ஒதுக்கிட்டு மீதியோட கலரைப் பாருங்க. பெரும்பாலும் ஒரு பேட்டர்ன் தெரியும். அந்தக் குவியலோட வாங்கின விலையைக் கூட்டி எழுதுங்க. வருஷத்துக்கு நீங்க துணியில விடுற நஷ்டம் எவ்வளவுன்னு அதுல இருந்து ஒரு அளவு கிடைக்கும்.

உதாரணத்துக்கு, 1,800 ரூபாய்க்கு ஒரு நேவி ப்ளூ சட்டை. வாரம் ஒரு தடவைன்னு ரெண்டு வருஷத்துல ஏறக்குறைய 100 தடவை போடுறீங்க. ஒரு தடவைக்கு 18 ரூபாய். ஆஃபர்ல 799க்கு ஒரு எலுமிச்சை மஞ்சள் சட்டை, மூணே தடவை போட்டுட்டு விட்டுட்டீங்க. ஒரு தடவைக்கு 266 ரூபாய். எது விலை கூடுதல்? கலர் பேலட்டோட உண்மையான வேலை இந்த ரெண்டாவது சட்டையை பில் போடுறதுக்கு முன்னாடியே கீழே வைக்க வைக்கிறதுதான்.

ஒரு நல்ல சேதி, பேலட் முகத்துக்குப் பக்கத்துல மட்டும்தான் வேலை செய்யும். பேண்ட், ஷூ, பேக் எதுக்கும் சீசன் கிடையாது. அதுல எல்லாத்தோடயும் சேர்ற ரெண்டு மூணு கலரோட நிறுத்திக்கோங்க. (ஆபீஸ் ஐடி கார்டு கயிறு எந்தக் கலர்ல தொங்குதுன்னு நம்ம கையில இல்லை, விடுங்க.)

ஏற்கெனவே வாங்கின 'எடுக்காத' துணியைத் தூக்கிப் போடாதீங்க. குர்த்தி கலர் சரியில்லையா, உங்க கலர்ல ஒரு துப்பட்டாவைக் கழுத்தைச் சுத்திப் போட்டா முக்கால்வாசிப் பிரச்னை தீர்ந்துடும். ஆண்கள் அந்தச் சட்டையை பட்டன் திறந்து, உள்ளே உங்க கலர் டி-ஷர்ட்டோட போடலாம். பருத்தித் துணின்னா அடர் நிறத்துல சாயம் போடலாம், பாலியஸ்டர்ல வீட்டுச் சாயம் சரியாப் பிடிக்காது. தம்பி தங்கச்சிக்கு எடுத்தா கொடுத்துடுங்க. மொத்தமா அலமாரியை மாத்துறேன்னு கிரெடிட் கார்டு இஎம்ஐல இறங்கினீங்கன்னா, அது பேலட் இல்லை, கடன்.

நிபுணர்கிட்ட காசு கொடுத்துப் பார்க்கலாமா? கட்டணம் 5,000னு வச்சுக்கோங்க. வருஷத்துக்கு மூணு துணி, ஒண்ணு 1,000 வீதம், வீணாகுதுன்னா நஷ்டம் 3,000. அவர் சொன்னதால அது முழுசா நின்னாலும் கட்டணம் திரும்ப வர ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆகும். பெரும்பாலானவங்களுக்கு ஜன்னலும் அம்மா பீரோவும் போதும். தினம் கேமரா முன்னாடி நிக்கிற வேலைன்னா கணக்கு வேற. கல்யாணப் பட்டு எடுக்கப் போறவங்க காசு கொடுக்காட்டியும் இந்த டெஸ்ட்டை அவசியம் பண்ணிட்டுப் போங்க. ஒரு நாள் கட்டுற புடவை, ஆனா ஆல்பம் ஆயுசுக்கும் இருக்கும்.

இன்னொரு கேள்வியும் வரும்: ஆபீஸ் டிரஸ் செலவுக்கு வருமான வரியில கழிவு உண்டா? தனியாக் கிடையாது. புதிய முறையில சம்பளக்காரங்களுக்கு இருக்குற 75,000 ரூபாய் நிலையான கழிவுதான், அதுக்கு பில்லும் தேவையில்லை.

ஆனா ஜிஎஸ்டில ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கோங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து, வரிக்கு முந்தின விலை ஒரு உருப்படிக்கு 2,500 வரைக்கும் இருக்குற ரெடிமேடுக்கு 5 சதவீதம், அதுக்கு மேல போனா 18 சதவீதம். 2,500 ரூபாய் சட்டை வரியோட 2,625. 2,600 ரூபாய் சட்டை வரியோட 3,068. நூறு ரூபாய் வித்தியாசம் பில்லுல 443 ஆகுது. பார்க்க வேண்டியது எம்ஆர்பியை இல்லை, தள்ளுபடி போக நீங்க வாங்குற விலையை. கணக்குப்படி ஒரு சட்டையோட கடைசி விலை 2,625ஐத் தாண்டி 2,950க்குள்ள வரவே முடியாது. அப்படி வந்தா பில்லுல வரி விகிதம் எவ்வளவு போட்டிருக்குன்னு பாருங்க.

கடைசியா, வாங்குற இடம். தி.நகர்ல நம்ம அம்மாக்கள் புடவையைக் கடை வாசலுக்குத் தூக்கிட்டு வந்து பகல் வெளிச்சத்துல பார்ப்பாங்களே, அது சரியான பழக்கம். ஒரு விளக்குல ஒண்ணா மேட்ச் ஆகுற ரெண்டு துணி இன்னொரு விளக்குல வேற வேற கலராத் தெரியும். ட்ரையல் ரூம் மஞ்சள் லைட்ல ஆபீஸ் சட்டையை முடிவு பண்ணாதீங்க. ஆன்லைன்ல வாங்கினா பார்சல் வந்த அன்னைக்கே, அல்லது மறுநாள் காலையிலயே, டேக்கைக் கிழிக்காம ஜன்னல் பக்கம் நின்னு கழுத்துல வச்சுப் பாருங்க. துணி முதல்ல கண்ணுல பட்டா, ரிட்டர்ன் தேதி முடியுறதுக்குள்ள திருப்பி அனுப்பிடுங்க.