உமிழ்நீர்க் கல்: நீவும் முறை

சாப்பிட உட்கார்ந்ததும் தாடைக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் புடைத்து வலிக்கிறதா? கொஞ்ச நேரத்தில் தானாக வடிந்துவிடுகிறதா? பல்வலி என்று எண்ணிப் பல்லைப் பிடுங்கப் போய்விடாதீர்கள். உமிழ்நீர்க் குழாயில் கல் இருக்கலாம். இந்தக் கற்களில் பத்துக்கு எட்டாவது கீழ்த்தாடைச் சுரப்பியில்தான் வரும். அங்கே ஊறும் உமிழ்நீர் கொழகொழப்பானது, கால்சியம் மிகுந்தது. சுமார் 5 செ.மீ. குழாயில் மேல்நோக்கி ஏறித்தான் நாக்கடிக்கு வரவேண்டும். தேங்கினால் படியும்.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிக் கல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சின்னக் கல், வீட்டிலேயே முயலலாம் என்று அவர் சொன்னால், தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

அடுத்தது நீவுவது. இதில்தான் பலரும் தவறுகிறார்கள். வீங்கிய இடத்தையே வட்டமாகத் தேய்க்கிறார்கள், அல்லது முகவாயிலிருந்து காதுப் பக்கம் தள்ளுகிறார்கள். கல் வெளியேற வேண்டிய வாசல் முன்னால் இருக்கிறது, நாக்கைத் தூக்கினால் நடுவில் தெரியும் மெல்லிய சவ்வின் ஓரத்தில். பின்னால் தள்ளி என்ன பயன்?

நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு கையின் ஆள்காட்டி விரலை நாக்குக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே, எட்டும் அளவு பின்னால் வையுங்கள். மறு கை விரல்களால் வெளியே, தாடை எலும்புக்கு உட்புறமாகச் சுரப்பியை மேலே ஏந்திப் பிடியுங்கள். இப்போது உள்விரலைப் பின்னாலிருந்து முன்னால் மெல்ல இழுத்து வாருங்கள். பால் கறப்பதுபோல ஒரே திசையில், விட்டு விட்டு. வலித்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.

காய்ந்த வாயில் நீவவே கூடாது. முதலில் புளிப்பு, பிறகுதான் விரல். ஊறும் உமிழ்நீர்தான் கல்லைப் பின்னிருந்து தள்ளும். எலுமிச்சைத் துண்டு போதும். நான் பெரிய நெல்லிக்காயைத்தான் சொல்வேன், மென்றுகொண்டே இருக்கலாம். நாள் முழுக்கப் புளிப்பு மிட்டாய் சப்பினால் பல் அரித்துவிடும். புளிப்பு பட்டதும் வலி கூடிக்கொண்டே போனால் குழாய் முழுதாக அடைத்திருக்கலாம், நிறுத்திவிடுங்கள்.

வாசலில் கல் வெள்ளையாகத் தெரிந்தாலும் ஊசி, ஊக்கு எதையும் கொண்டுபோகாதீர்கள். காய்ச்சலோ சீழோ இருந்தால் நீவாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நாக்கடி முழுதும் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள்.

அலர்ஜி மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வாய் வறளும். மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கல் அசையவே இல்லை, சுரப்பியை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், மெல்லிய எண்டோஸ்கோப்பைக் குழாய்க்குள் விட்டுக் கல்லை மட்டும் எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.